வற்றிய ஓடையும் இடம் மாறிய கூடும்: ஏற்காட்டில் ஒரு சீகாரப் பூங்குருவி இணை பற்றிய நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில், ஓடையை ஒட்டிக் கருங்கல்லால் கட்டப்பட்ட பழைய மோட்டார் அறை ஒன்று இருக்கிறது. அதன் உட்சுவரில் ஆண்டுதோறும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவந்த சீகாரப் பூங்குருவி இணை, ஒரு கோடையில் அங்கே கூடு கட்டாமலேயே விட்டுவிட்டது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அறைக்குச் சிமெண்ட் பூசிப் பழுதுபார்த்திருந்தார்கள் என்பதால், பழுதுபார்த்ததே பறவையை விரட்டிவிட்டது என்று தோட்டத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கூடு போனதற்குக் கூடு இருந்த சுவரையே காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் இந்த நிகழ்வில் காரணம் சுவரில் இல்லை, சுவருக்குக் கீழே ஓடிய கணுக்கால் அளவுத் தண்ணீரில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வர நேர்ந்தது என்பதை விளக்க, பறவையின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இது ஒரே ஓர் இணையைப் பற்றிய பதிவு. பறவைகளின் காலில் வளையம் எதுவும் இடப்படவில்லை. ஆகவே மோட்டார் அறையில் கூடு கட்டிய இணையும் பின்னர் சிறுபாலத்தின் அடியில் கூடு கட்டிய இணையும் ஒன்றே என்பது இடத்தையும் காலத்தையும் வைத்துச் செய்த அனுமானம். அந்த ஓடைப் பகுதியில் இரண்டாவது இணை எதுவும் அதற்கு முன் தென்பட்டதில்லை என்பதும், ஒரு கூடு கைவிடப்பட்ட அதே பருவத்தில் மற்றது தோன்றியது என்பதும் அந்த அனுமானத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

பறவை

சீகாரப் பூங்குருவி ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள, முதல் பார்வைக்குக் கறுப்பாகத் தோன்றும் பறவை. நெற்றியிலும் தோள்பட்டையிலும் பளபளக்கும் நீலத் திட்டுகள் உண்டு. ஆனால் நிழலடர்ந்த ஓடைக்கரையில் அவை கண்ணுக்குப் படுவதே இல்லை. பறவை திரும்பும்போது ஒளி சாய்வாக விழுந்தால் மட்டும் அந்த நீலம் ஒரு கணம் எரிந்து அணையும். அது சாயத்தின் நிறமன்று. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நிறம். அதனால்தான் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப அது தோன்றியும் மறைந்தும் விளையாடுகிறது. அலகும் கால்களும் கறுப்பு. ஆணையும் பெண்ணையும் தோற்றத்தால் பிரித்தறிய முடியாது. இளம் பறவை பழுப்பேறியதாக, நெற்றியில் நீலம் இல்லாமல் இருக்கும்.

லண்டன் விலங்கியல் கழகத்தின் முதல் செயலாளராக இருந்த நிக்கோலஸ் விகர்ஸ் 1831இல் இதற்கு அறிவியல் விவரிப்பு எழுதினார். ஜாவாவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. மயோஃபோனஸ் என்னும் இதன் பேரினத்துப் பறவைகள் இமயம் முதல் தென்கிழக்கு ஆசியா வரை மலை ஓடைகளை ஒட்டி வாழ்கின்றன. நீண்ட காலம் பூங்குருவிகளின் குடும்பத்தில் வைத்துப் பேசப்பட்ட இப்பேரினம், மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஈப்பிடிப்பான்களின் குடும்பத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. நம் வீட்டு முற்றங்களில் விடியற்காலையில் பாடும் குண்டுகரிச்சானும் அதே குடும்பம்தான்.

இந்தியாவுக்கு வெளியே எங்கும் இந்தப் பறவை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இருக்கிறது. நடு இந்தியாவின் மலைக்காடுகள் வழியாக ஒடிசா வரை போகிறது. கிழக்குத் தொடர் மலைகளில் சில இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாகக் காணப்படுகிறது. அத்தகைய திட்டுகளில் ஒன்று சேர்வராயன் மலை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்க, ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி நிற்கிறது. சுற்றிலும் வறண்ட சமவெளி. காவிரிப் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று ஒவ்வொரு மலையும் தனித்தனியே எழுந்து நிற்கிறது. ஈரக்காட்டுப் பறவைக்கு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போவது அத்தனை எளிதல்ல. 1929ஐ ஒட்டித் தொடங்கிய வெர்னே கிழக்குத் தொடர் மலை ஆய்வின் குழு சேர்வராயன் மலைக்கு வந்ததற்கு ஒரு காரணம், மேற்கில் உள்ள பறவைகளில் எவை இந்தத் தனித்த மலைகளிலும் உண்டு என்ற கேள்விதான்.

இந்த இனம் நீண்ட தொலைவு வலசை போவதில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்ததும் இனப்பெருக்க இடங்களை விட்டு அங்கங்கே பரவித் திரியும். அந்த மாதங்களில் அடிவாரத்து ஓடைகளிலும் தென்படும். அடுத்த கோடை மழைக்குள் மீண்டும் தன் ஓடைக்கு வந்துவிடும்.

‘காட்டுப் பறவை’ என்று இதை அழைப்பது சரியே, ஆனால் அது பாதி உண்மைதான். இதற்கு வேண்டியது காடு என்பதைவிட, காட்டின் நிழல் விழும் ஓடும் நீரும் ஈரப்பாறையும். எங்கே அடர்காடு இருந்தும் ஓடை இல்லையோ அங்கே இது இல்லை; எங்கே காடு காப்பித் தோட்டமாக மாறியும் ஓடைக்கரை மட்டும் இருட்டாகவும் ஈரமாகவும் விடப்பட்டிருக்கிறதோ அங்கே இது இருக்கிறது. சேலம் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பி நடப்பட்டதிலிருந்து, சேர்வராயன் மலையின் பெரும்பகுதி நிழல் மரங்களுக்குக் கீழே காப்பி விளையும் நிலமாகவே இருந்துவருகிறது. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் இப்பறவை இங்கே நிலைத்ததற்குக் காரணம், பழைய தோட்டக்காரர்கள் ஓடை இறங்கும் பள்ளத்தைச் செடி நடத் தகாத இடம் என்று விட்டுவிட்டதுதான் என்பது என் கருத்து. யாரும் பறவைக்காக அதைச் செய்யவில்லை. சரிவு செங்குத்தாக இருந்தது, அவ்வளவே.

உணவும் ஓடையையே சார்ந்தது. நீரோரப் பூச்சிகள், தட்டான் போன்றவற்றின் நீர்வாழ் இளம்பருவங்கள், நத்தை, சிறு தவளை, ஓடை நண்டு, மண்புழு, இவற்றோடு காட்டுப் பழங்கள். நண்டைப் பிடித்தால் உடனே விழுங்குவதில்லை. அலகால் கவ்வி, பாறை விளிம்பில் இடமும் வலமுமாக அறைந்து, கால்கள் கழன்ற பிறகுதான் உண்ணும். இந்த இணை இரை தேடிய இடங்களைக் குறித்துப் பார்த்தபோது, ஆழமான மடுவிலோ பாய்ந்து விழும் நீரிலோ அவை இரை தேடியதே இல்லை. நீர் பரந்து, கூழாங்கல்லின் முதுகு வெளியே தெரிய, சருகு தேங்கிக் கிடக்கும் ஆழமில்லாத இடத்தில்தான் எப்போதும் இறங்கின. அங்கே ஓடுவதில்லை, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவி, வாலை விசிறியாக விரித்து மூடி, சருகைப் புரட்டிப் பார்க்கும்.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பறவையை விவரிக்க முடியாது. விடியலுக்கு முன்பே தொடங்கும் அது, வேலையற்ற ஒருவன் நினைவில் வந்த மெட்டை அரைகுறையாகச் சீட்டியடித்துக்கொண்டு நடப்பதைப் போன்றது. தொடக்கம் எங்கே முடிவு எங்கே என்று சொல்ல இயலாது. உயரும், வழுக்கும், நடுவே நின்றுவிடும். ஆங்கிலேயர்கள் இதைச் சீட்டியடிக்கும் பள்ளிக்கூடப் பையன் என்று அழைத்தார்கள். மெட்டுகளைக் கற்றுக்கொள்ளும் திறனுக்காக ஒரு காலத்தில் இதைக் கூண்டில் வைத்தும் வளர்த்தார்கள்; காட்டில் பிடித்த இந்தியப் பறவைகளின் வணிகம் 1990-91 முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பாட்டுக்கு நேர்மாறானது இதன் எச்சரிக்கைக் குரல்: கிறீ என்று கத்தியால் கீறியதுபோல் ஒரே ஒலி. ஓடையின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் அமைவதால், இந்த உயர்ந்த ஒலி அதற்கு மேலே தெளிவாகக் கேட்கிறது. ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவரும் சிலர் கைப்பேசியில் இந்தப் பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று அது இரை தேடுவதை நிறுத்திவிட்டு வருகிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இனப்பெருக்கம் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, இடத்துக்கும் மழைக்கும் ஏற்பப் பரவியிருக்கும். ஓடையை ஒட்டிய பாறை விளிம்பு, அருவியின் பக்கவாட்டு இடுக்கு, சில வேளைகளில் பாலத்தின் அடி அல்லது கட்டடத்தின் உட்புறம் என, கீழிருந்து எளிதில் எட்ட முடியாத, மேலே கூரை உள்ள இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். வழக்கமாக 3 அல்லது 4 முட்டைகள். வெளிறிய இளஞ்சிவப்பில் செம்பழுப்புப் புள்ளிகள். தாயும் தந்தையும் முறை மாற்றி 16 அல்லது 17 நாள் அடைகாக்கும். ஒத்துவந்த இடத்தை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு என்பதால்தான், ஒரு இணை தன் இடத்தைக் கைவிடுவது ஆராயத்தக்க நிகழ்வாகிறது.

இடம்

மோட்டார் அறை ஓடையின் இடக்கரையில், பாறை மேல் அடித்தளமிட்டு எழுப்பப்பட்டது. காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் பல்பர் கொட்டகைக்கும் நாற்றங்காலுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் ஏற்றுகிறார்கள். மேலே சில்வர் ஓக்கும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும். ஓடையின் இரு கரையிலும் பெரணியும் காட்டு இஞ்சியும் மண்டிய ஒரு சிறு பட்டை. அறைக்குக் கதவு உண்டு, ஆனால் ஓடைப் பக்கம் குழாய் வெளியேறுவதற்காக விட்ட துளை, ஒரு பறவை சிறகை மடக்கி நுழையத் தாராளமாகப் போதும். உள்ளே, உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, கட்டும்போது சாரத்துக்காக விட்டிருந்த ஒரு கல் சுவரிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லின் மேல்தான் கூடு.

அறைக்குக் கீழே ஓடை பாறையிலிருந்து இறங்கி, ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு விரிந்து, கூழாங்கல் படுகையாகப் பரவியது. அந்தப் படுகைதான் இந்த இணையின் முதன்மை இரைக்களம்.

கூடு இருந்த பருவம்

கைவிடப்படுவதற்கு முந்தைய ஆண்டின் பருவம் ஓரளவு முழுமையாகக் கண்காணிக்கப்பட்டது. காப்பி பூக்கக் காரணமான கோடை மழை இரண்டு முறை பெய்த பிறகு, இரு பறவைகளும் பொருள் சேர்க்கத் தொடங்கின. கூடு புதிதாகக் கட்டப்படவில்லை. பழைய கூட்டின் விளிம்பு உயர்த்தப்பட்டது. பறவைகள் பாறையிலிருந்து பச்சைப் பாசியை அலகால் உரித்து எடுத்தன. பெரணியின் மெல்லிய வேர்களைக் கரைமண்ணிலிருந்து இழுத்தன. கவனிக்க வேண்டியது, வேரை இழுக்கும்போது அதோடு ஒட்டிய ஈர மண்ணை அவை உதறவில்லை என்பதே. மண்ணோடுதான் வேர் கூட்டுக்குப் போனது; அந்த மண் காய்ந்து கூட்டைக் கல்லோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. கைவிடப்பட்ட பிறகு அந்தப் பழைய கூட்டை எடுத்துப் பார்த்தபோது, அடிப்பகுதி முழுக்க வேர் பின்னிய கெட்டி மண்ணாகவும், மேல்பகுதி பாசியாகவும், உட்குழிவு மிக மெல்லிய கறுப்பு வேர்களால் வழவழப்பாக இழைத்ததாகவும் இருந்தது.

மூன்று முட்டைகளும் பொரிந்தன. தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. முதல் சில நாட்களில் மிருதுவான பூச்சிகளும் மண்புழுவும் மட்டுமே. குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பிறகுதான் சிறு தவளையும் கால் கழற்றிய நண்டும் வந்தன. இரை பெரும்பாலும் அறைக்கு நேர்கீழே உள்ள படுகையிலிருந்தே வந்தது. எனவே ஒரு முறை போய்வர எடுத்த நேரம் மிகக் குறைவு. மழை கொட்டிய ஒரு பிற்பகல், ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியபோது, இரை வரத்து ஏறக்குறைய நின்றே போயிற்று. பறவைகள் தோட்டத்துக்குள் சருகைக் கிளறி மண்புழு தேடின. கலங்கல் தெளிந்ததும் மீண்டும் படுகைக்குத் திரும்பின. பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு நிகழ்வே பெரிதும் உதவியது: ஓடையில் இரை இல்லாவிட்டால் வேறிடம் தேடும் திறன் இவற்றுக்கு உண்டு, ஆனால் அது ஒரு பொழுதைச் சமாளிக்கும் ஏற்பாடு, ஒரு பருவத்தைக் கடத்தும் ஏற்பாடு அன்று.

அந்த ஆண்டு குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறிக் கரைப் பெரணிக்குள் பதுங்கியதும், அங்கேயே பெற்றோர் சில நாள் இரை ஊட்டியதும் காணப்பட்டன.

சொல்லப்பட்ட காரணங்கள்

அந்தக் குளிர்காலத்தில் மூன்று மாற்றங்கள் நடந்தன. மோட்டார் அறையின் உட்சுவர் சிமெண்ட் பூசப்பட்டு, பழைய கூட்டை ஒரு பலகை மேல் எடுத்துவைத்துவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த கல்லும் உடைக்கப்பட்டது. கரையோரச் சில்வர் ஓக்கின் கிளைகள் கழிக்கப்பட்டதால் வெயில் கூடுதலாக விழுந்தது. ஓடையின் மேல்பகுதியில், தோட்டத்துக்கு வெளியே, புதிதாக வந்த தங்கும் விடுதி ஒன்றுக்காக ஒரு சிறு தடுப்பணை கட்டி, கருப்புக் குழாய் வழியாகத் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். நான்காவதாக, மாற்றமே அல்லாத ஒன்றும் காரணமாகச் சொல்லப்பட்டது: மோட்டாரின் சத்தம்.

சத்தத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். கூடு இருந்த ஆண்டுகள் முழுக்க அதே மோட்டார்தான் கூட்டுக்குக் கீழே ஓடியது. அடைகாக்கும் பறவை மோட்டார் ஓடும்போது தலையைக்கூடத் திருப்பியதில்லை. இதைப் பற்றி நான் கேட்டபோது, அங்கே நெடுங்காலம் மோட்டார் இயக்கிவரும் பெரியவர் சொன்னது இதுதான்: “சத்தம் என்ன சார் புதுசா? இந்த மோட்டாரு என் கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு. சித்திரையில ஓடையில தண்ணி இல்லாததுதான் சார் புதுசு.” ஆய்வு என்ற பெயரில் நான் பின்னர் செய்ததெல்லாம் ஏறத்தாழ அவர் சொன்னதைச் சரிபார்த்ததுதான்.

கொன்றுண்ணிகள் காரணமாக இருந்திருக்கக்கூடுமா என்பதும் பார்க்கப்பட்டது. வால்காக்கை, செம்போத்து, மரநாய், குரங்கு, பாம்பு ஆகிய எல்லாம் அங்கே உண்டு. எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் எதிரிகள்தான். ஆனால் கூடு சூறையாடப்பட்டிருந்தால், கட்ட முயன்றதன் தடயமாவது மிஞ்சியிருக்கும். இங்கே கூடு கட்டும் முயற்சியே தொடங்கவில்லை. எடுத்துச் செல்ல முட்டையே இல்லாத நிலையில் திருடனைத் தேடிப் பயனில்லை.

சிமெண்ட் பூச்சும் உடைத்த கல்லும் கருத்தில் கொள்ளத்தக்க காரணங்கள். கல் இல்லாமல் கூடு நிற்காது. ஆகவே தோட்டத்தாரிடம் கேட்டு, பழைய கல் இருந்த அதே உயரத்தில் ஒரு மரப்பலகை பொருத்தி, பழைய கூட்டையும் அதன்மேல் வைக்கச் செய்தோம். இது பிப்ரவரி முடிவதற்குள் நடந்தது. கூடு கட்டும் காலம் தொடங்கவில்லை. பறவைகள் மார்ச் மாதத்தில் குழாய்த்துளை வழியாக உள்ளே வந்து பார்த்தன. பலகையில் உட்கார்ந்ததற்கு அடையாளமாக எச்சமும் கிடந்தது. இடத்தை அவை மறுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் பாசி வரவில்லை, வேர் வரவில்லை.

மீதம் இருப்பது தண்ணீர். தடுப்பணை வந்ததிலிருந்து, ஓடையின் நீர் பிப்ரவரி முதல் ஜூன் தொடக்கம் வரை பெரும்பாலும் அணைக்கு மேலேயே நின்றது. விடுதிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்: பள்ளி விடுமுறை, மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நெரிசல். பறவைக்குக் கூடு கட்ட வேண்டிய மாதங்களும் அவையே. ஆண்டின் மொத்த நீரில் விடுதி எடுத்தது ஒருவேளை சிறு பங்காகவே இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் அதே தடுப்பணையின் மேல் வெள்ளம் வழிந்து ஓடியது. ஆனால் ஒரு பறவைக்கு ஆண்டுச் சராசரி என்று ஒன்று கிடையாது. அந்த ஏப்ரலில் மோட்டார் அறைக்குக் கீழே இருந்த படுகை வெறும் கூழாங்கல்லாகக் கிடந்தது. பாறையில் இருந்த பாசி பழுப்பாகிச் சுருண்டு, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கரைமண் வெடித்துவிட்டதால் பெரணி வேரை இழுத்தால் வேர் அறுந்ததே தவிர மண்ணோடு வரவில்லை. கல்லைப் புரட்டினால் நண்டு இல்லை; காய்ந்த நண்டின் ஓடு மட்டும் இருந்தது. கரையிலுள்ள நிழல் மரக் கிளைகளைக் கழித்தது இந்த உலர்வை விரைவுபடுத்தியிருக்கும். ஆனால் நீர் ஓடியிருந்தால் அந்த வெயில் மட்டும் பாசியைக் கருக்கியிருக்காது.

கூடு கட்டும் பொருளும், குஞ்சை வளர்க்கும் இரையும், ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் இல்லாமல் போயின. இரண்டில் எது முதலில் பறவையைத் தடுத்தது என்று கேட்டால், பொருள்தான் என்பேன். இரை இல்லாதது குஞ்சு பொரித்த பிறகுதான் கடிக்கும்; இங்கே கட்டுமானமே தொடங்கவில்லை. உலர்ந்த வேரால் கோப்பை வடிவத்தை முடையலாம், ஆனால் அதைச் சுவரோடு ஒட்டும் மண் கிடைக்காவிட்டால் பலகை விளிம்பிலிருந்து கூடு சரிந்துவிடும்.

சிறுபாலம்

அதே மே மாதத்தின் நடுவில், மோட்டார் அறைக்குச் சற்றுக் கீழே, பக்கத்து ஓடை ஒன்று சாலையைக் கடக்கும் இடத்தில், கற்பலகை பாவிய பழைய சிறுபாலத்தின் அடியில் ஒரு பூங்குருவி பாசியோடு உள்ளே போவது தெரிந்தது. உள்ளே குனிந்து பார்க்கையில், பக்கச் சுவரில் பிதுங்கிய ஒரு கல்லின் மேல், பாதி முடிந்த கூடு இருந்தது.

கூடு கட்டும் இடம் என்ற அளவில் இது மோட்டார் அறைக்கு எந்த வகையிலும் ஈடாகாது. கல் குறுகலானது, உயரம் குறைவு, மேலே லாரி போகும்போது கற்பலகை அதிரும், வெள்ளம் ஏறினால் கூட்டை எட்டிவிடும். இருந்தும் இங்கே கட்டியதற்கு ஒரே விளக்கம்தான் இருக்கிறது. இந்தப் பக்க ஓடை, மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றுக்கு மேலே உள்ள கோயில் காட்டின் ஊற்றிலிருந்து வருகிறது. சாமிக் காடு என்பதால் அங்கே யாரும் மரம் வெட்டுவதில்லை, குழாயும் போடவில்லை. எனவே சித்திரையிலும் அதில் ஒரு விரற்கடை அளவேனும் நீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. சிறுபாலத்தின் வாயில் பாசி பச்சையாக இருந்தது, சேறு ஈரமாக இருந்தது, கல்லுக்கடியில் நண்டு இருந்தது.

ஆகவே இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவாகிறது. நல்ல தாங்குமிடமும் வறண்ட படுகையும் உள்ள அறையை விட்டு, மோசமான தாங்குமிடமும் ஈரப் படுகையும் உள்ள பாலத்தை அந்த இணை தேர்ந்தெடுத்திருக்கிறது. பறவைக்குக் கூடு வைக்கப் பலகை அடித்துக் கொடுத்துப் பாதுகாப்புப் பணி முடிந்துவிட்டதாக நினைக்கும் போக்கு நம்மிடையே உண்டு. சிட்டுக்குருவிக்கு அட்டைப்பெட்டி மாட்டுவது அதன் பழகிய வடிவம். பாறையும் ஓடையும் சார்ந்த பறவைக்கு அந்த அணுகுமுறை பொருந்தாது.

அந்தப் பாலத்தடிக் கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகள் பறந்தன. முந்தைய ஆண்டின் மூன்றோடு இதை ஒப்பிட்டு இடம் மோசமானதால் எண்ணிக்கை குறைந்தது என்று வாதிட நான் விரும்பவில்லை. இயல்பாகவே இரண்டு, மூன்று என்று மாறக்கூடிய எண்கள் அவை. இரை கொண்டுவரும் பறவை சில முறை சாலையைத் தாழப் பறந்து கடந்தது என்பதும், ஒரு முறை இரு சக்கர வண்டியில் அடிபடாமல் தப்பியது என்பதும் பதிவு செய்யத்தக்கவை.

இந்த இனம் அருகிவரும் பட்டியலில் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைக் கவலைக்குறைவான இனமாகவே வகைப்படுத்தியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் பரவலாக இருப்பதால் அது சரியான வகைப்பாடுதான். ஆனால் இதன் நெருங்கிய உறவான இலங்கைச் சீட்டிப் பூங்குருவி, இலங்கையின் மத்திய மலைநாட்டில் மட்டும் வாழ்வது, அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அங்கே மலைக்காடு குறைந்ததும் ஓடைகள் சீரழிந்ததும் முக்கியக் காரணங்கள். சேர்வராயன் மலையின் பூங்குருவிகளும் தம் இனத்தின் பெருங்கூட்டத்திலிருந்து பிரிந்து, தீவில் இருப்பவற்றின் நிலையிலேயே உள்ளன. வால்பாறையில் ஓர் ஓடை வற்றினால் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பறவை வந்துசேரும். ஏற்காட்டில் அப்படி வர வேண்டுமானால் அது சமவெளியைக் கடந்து வர வேண்டும்.

பின்னர் நடந்தவை

விடுதியாரோடு பேசியதில் தடுப்பணையை எடுக்க அவர்கள் உடன்படவில்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அணையின் அடிமட்டத்தில் ஒரு துளையிட்டு, மூடாத குழாய் ஒன்றை வைக்க ஒப்புக்கொண்டார்கள். குழாயை அணையின் உச்சியில் வைத்தால் நிரம்பிய பிறகுதான் வழியும், கோடையில் நிரம்பவே நிரம்பாது. அடியில் வைத்தால் இருக்கும் நீரில் ஒரு பங்கு முதலில் கீழே போகும், மிச்சம்தான் தேங்கும். செலவில்லாத இந்த மாற்றத்தில் உள்ள ஒரே சிக்கல் சருகு அடைத்துக்கொள்வது. அதை வாரம் ஒரு முறை நீக்கும் வேலையை, அவராகவே முன்வந்து, மோட்டார் இயக்கும் பெரியவர் ஏற்றுக்கொண்டார். தோட்டத்தாரும் கரையிலிருந்து உள்நோக்கி ஒரு வரிசைக் காப்பிச் செடி அளவுக்குப் பெரணியை வெட்டாமல் விடுவதற்கும், ஓடையோர நிழல் மரங்களைக் கழிப்பதை ஆகஸ்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வதற்கும் இசைந்தார்கள். அறுவடை நவம்பரில் தொடங்கிவிடுவதால், செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரண்டு மாதங்கள்தான் இந்த வேலைக்கு அவர்களுக்கும் வசதி, பறவைக்கும் தொல்லையில்லை.

அடுத்த கோடையில் மோட்டார் அறைக்குக் கீழே படுகை முழுக்க நனையவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு மட்டும் நீர் ஓடியது. பாசி திரும்பத் தொடங்கியிருக்கிறது. பூங்குருவிகள் அங்கே இரை தேட வருகின்றன, ஆனால் கூடு இன்னும் சிறுபாலத்தின் அடியில்தான் இருக்கிறது. ஆகவே இப்போதைய அவசரம் ஓடையில் இல்லை, பாலத்தில் இருக்கிறது: பருவமழைக்கு முன் சாலையோர வடிகால்களையும் சிறுபாலங்களையும் தூர்வாரும் பணி, குஞ்சு வளரும் வாரங்களோடு மோதுகிறது. இந்த ஒரு பாலத்தை மட்டும் ஜனவரிக்குள் தூர்வாரி முடிக்குமாறு கேட்டு, கூட்டின் இருப்பிடத்தைக் குறித்த வரைபடத்தோடு மனு ஒன்று உரிய அலுவலகத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது.